ஏழாம் இலக்கம், வெளியே

லாசால்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் காவலில் நான் சுகம். அம்மாவின் கண் ஒப்பரேசன் நன்றாக ஆறிவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் உதைபந்தாட்டக் கிளப்புக்கு அரையிறுதி ஆட்டம். இந்த வருடம் கப்டனும் நான்தான், பயிற்சியாளரும் நான்தான். இரண்டாம் பாதியில் முழங்கால் கொஞ்சம் பிடித்துக்கொண்டது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் என்னை வெளியே எடுக்க என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. "ஏழாம் நம்பர், வெளிய வா" என்று என்னை நானே கூப்பிட்டேன். பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உங்கள் அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த இங்கிலாந்துக் கப்டனின் படம் நினைவுக்கு வந்தது. பிற்காலத்தில் அவரே ஒரு கிளப்புக்கு மனேச்சராகி, ஆடிக்கொண்டே அணியையும் நடத்தி, ஒருநாள் தன்னையே வெளியே இருத்தினார் என்பீர்கள். நாற்பது வயதில் நீங்களும் பேசாலைத் திடலில் அதையே செய்தீர்கள். கப்டன் பட்டியைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டு, கொட்டும் மழையில் கோட்டுக்கு வெளியே போய் நின்றீர்கள். அம்மா குடையோடு வந்து உங்கள் பக்கத்தில் நின்றார்.

ஊரிலிருந்து இங்கே லாசாலுக்கு வரும் யாரிடமாவது, முழங்காலில் தடவ நோவெண்ணெய் ஒரு போத்தல் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் அந்தப் படத்தையும்.

வேலைக்குப் போகும் பஸ் வருகிற நேரம், நிறுத்துகிறேன். நாங்கள் வென்றுவிட்டோம். அம்மாவிடம் சொல்லுங்கள், ஞாயிறு இங்கேயும் மழைதான்.

உங்கள் மகன்,
றெஜினோல்ட்