துடுப்பு இயந்திரத்தின் இருக்கை

அன்புள்ள இப்திசாம்,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? குவைத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, உட்காருவதைத் தவிர.

இரத்த அழுத்தம் குறைந்தால்தான் ஒப்பந்தம் நீளும் என்று கம்பெனி மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் குடியிருப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில் துடுப்பு இயந்திரம் இழுக்கிறேன். முன்னும் பின்னும் ஓடும் இருக்கையில் உட்கார்ந்து, படகு வலிப்பதுபோல் பிடியை இழுக்க வேண்டும். முதல் நாளே வீம்புக்கு நாற்பது நிமிடம் இழுத்தேன். மறுநாள் உட்காரும் இடமெல்லாம் வலித்ததால் அலுவலகத்தில் நின்றபடியே வேலை பார்த்தேன். மேலாளர் அதைத் தனக்குக் காட்டிய மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

நேற்று சோபா மெத்தையை இருக்கையில் போட்டு உட்கார்ந்தேன். இழுத்ததும் இருக்கை பின்னால் ஓடியது. மெத்தையும் நானும் தரையில் கிடந்தோம். அடி ஒன்றும் இல்லை. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூடான்காரர் தய்யிப் சிரித்துவிட்டார்.

"உஸ்தாத், கெய்ரோ காப்பிக் கடைன்னு நினைச்சு சாஞ்சு உக்காந்தா எலும்பு குத்தாம என்ன செய்யும்? இடுப்பை முன்னால சாய்ங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எழுந்து நடங்க. மெல்லிசா ஒரு ஸ்பாஞ்ச் போதும்."

என் தம்பி வஹீத் நைல் படகுக் குழுவில் இருந்தபோது, எலும்பு படும் இடத்தில் ஓட்டை வெட்டிய ஸ்பாஞ்ச் ஒன்று வைத்திருந்தான். அப்பாவின் துக்கக் கூடார வாசலில், துக்கம் கேட்க வந்தவர்களை வரவேற்க மகன்கள் நிற்கும் வரிசையில் எனக்கு இடம் விடாதவன். நான்கு வருடமாகப் பேசவில்லை, மறக்கவும் இல்லை. ஓட்டையின் அளவை மட்டும் அவனிடம் கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

வெளியே கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். ஸ்பாஞ்ச் யாருக்கு என்று வஹீத் கேட்டால், எனக்குத்தான் என்று சொல்லிவிடு.

உன்,
ரஊஃப்