டீச்சர் மகள் வாசிக்கவில்லை

12-12-1979
அரைப்பரீட்சை. ஒண்ணாம் வகுப்பு அ பிரிவில் வாசிப்புக்கு முட்டை வாங்கியது ஒரே ஒரு பிள்ளை. சீனியம்மாள். என் மகள். முட்டை போட்டது நான்.

மேசைப் பக்கம் வந்து நின்றாள். புத்தகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வாயே திறக்கவில்லை. செல்லூரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது வேண்டும்.

15-12-1979
வீட்டில் உட்கார்த்தி வைத்தேன். முதல் எழுத்தைச் சொல்லும் முன்னாலேயே 'தப்பு' என்கிறேன். ஸ்கேலால் தரையில் வேறு தட்டினேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். சோறு ஆறிப்போச்சு.

16-12-1979
இன்றைக்கும் அழுகைதான்.

19-1-1980
பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு தறிக்கு நூல் சுற்றுகிறவள். சீனியைத் தேடி அங்கே போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். ராட்டைச் சத்தத்துக்கு மேலே என் மகள் குரல். புத்தகம் வாசிக்கிறாள்! அதுவும் நான் இன்னும் நடத்தாத பாடம்.

என்னைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"எனக்குத்தான் எழுத்துத் தெரியாதுல்ல டீச்சர், அதான் தைரியமா வாசிக்கிது" என்றாள் தங்கப்பொண்ணு. குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

20-1-1980
நாளெல்லாம் அப்பா ஞாபகம். காளவாசலில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மளிகைச் சாமான் மடித்து வந்த பேப்பரையெல்லாம் நீவி எடுத்து வைத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் ஓடுவேன். அவர் பஞ்சர் ஒட்டுவார், நான் வாசிப்பேன். கதை பாதியில் கிழிந்திருக்கும். மிச்சத்தை நானே இட்டுக்கட்டி வாசிப்பேன். "ஆத்தாடி, அம்புட்டுமா இதுல எழுதியிருக்கு?" என்பார். அவருக்கு ஒரு எழுத்துத் தெரியாது. எத்தனை தப்பு வாசித்திருப்பேன்! பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. என்ன சந்தோஷமான பிள்ளையாக இருந்தேன்.

அந்த மனுசன் எனக்குச் செஞ்சதை நான் என் பிள்ளைக்குச் செய்யலையே. இம்புட்டுப் படிச்சு என்னத்தைக் கிழிச்சேன்?

11-2-1980
சீனியை வாசிக்கச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். வாய் சும்மா இருந்தது, புருவம் இருக்கவில்லை. தப்பு வந்ததும் தன்னாலே ஏறுகிறது. அதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

14-3-1980
முழுப்பரீட்சை வருகிறது. வாசிக்காவிட்டால் மறுபடியும் ஒண்ணாம் வகுப்புதான். உங்க பிள்ளைக்கு நீங்களே மார்க்கைப் போட்டுட்டுப் போங்க என்று ஹெட்மாஸ்டர் சிரித்தார். போடலாம்தான். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் போட்டுவிட்டால் அவள் வாசித்ததாக ஆகிவிடுமா?

ஆ பிரிவு தர்மாம்பாள் டீச்சரிடம் போனேன். என் பிள்ளையை நீங்க கேளுங்க, என்கிட்ட வாய் திறக்க மாட்டேங்கிறா என்றேன். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் இப்படிச் சொல்லி யாரிடமும் நின்றதில்லை. அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "அனுப்புங்கோ" என்றார், அவ்வளவுதான்.

2-4-1980
முழுப்பரீட்சை. சீனியைத் தர்மாம்பாள் டீச்சரிடம் அனுப்பினேன். இரண்டு பிரிவுக்கும் நடுவே வெறும் மூங்கில் தட்டிதான். என் பிள்ளைகள் நாற்பது பேரையும் வாயில் விரல் வைக்கச் சொல்லிவிட்டு, தட்டியோரம் போய் நின்றேன்.

வாசித்தாள். முதலில் முணுமுணுப்பாக, போகப் போகக் கணீரென்று. நடுவில் ஒரு வார்த்தை தப்பு. 'தப்பு' என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவளே திரும்பிப் போய்ச் சரியாக வாசித்து, பக்கத்தை முடித்தாள். அடுத்த பக்கத்தையும் யாரும் சொல்லாமலே புரட்டினாள்.

ஏன் டீச்சர் அழுறீங்க என்று முன்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டது.

"பேசாம இரு. கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.