கண் பிரிவுப் பக்கத்தில் ஒரு திறந்த கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி இணையதளத்தில் நாற்பத்தொரு பக்கம். எல்லாம் ஒரே டெம்ப்ளேட்டில், ஒரே அச்சில் உட்கார்ந்திருக்கின்றன. மேலே பெயர், ஓரத்தில் பட்டியல், கீழே முகவரி – எல்லாம் பூட்டு. தலைப்பையும் நடுவில் உள்ள விவரத்தையும் மட்டும் திருத்தலாம். அதையும் நான் மட்டும்தான் செய்யலாம், அதுவும் நிர்வாகி கையெழுத்திட்ட தாள் வந்தால்தான். இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. குறையொன்றும் இல்லை என்றுதான் நேற்று வரை நினைத்திருந்தேன்.

இன்று காலை ஒரு பெண் தன் அப்பாவைக் கைபிடித்துக்கொண்டு நேராக என் அறைக்கே வந்துவிட்டாள். இரண்டு பஸ் மாறி வந்தார்களாம். கண் டாக்டர் நேற்றிலிருந்து விடுப்பு. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "டாக்டர் இருக்கார்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

நான்தான் போட்டேன்.

மார்ச் 4, புதன்

கண் பிரிவின் பெரிய சிஸ்டரிடம் கேட்டேன். டாக்டர் விடுப்பு என்று போன வியாழக்கிழமையே தாள் அனுப்பிவிட்டாராம். அது நிர்வாகி மேஜையில் தூங்குகிறது. "டாக்டர் வருவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரிஞ்சுடும்மா. எனக்குத் தெரிஞ்சு யாருக்கு என்ன புண்ணியம்?" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

டெம்ப்ளேட்டில் தலைப்புக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். திருத்தலாம் என்று குறித்து, 'இன்று' என்று பெயர் வைத்தேன். சேமித்ததும் எல்லாப் பக்கத்திலும் முளைத்தது. காலியாக இருந்தால் வெளியே தெரியாது. கண் பிரிவுப் பக்கத்துக்கு மட்டும் சிஸ்டருக்கு அனுமதி கொடுத்தேன். கட்டத்துக்குள் அவர் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். வெளியே ஒரு புள்ளியைக்கூட அசைக்க முடியாது. வேண்டுமென்றே அசைத்துப் பார்க்கச் சொன்னேன். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "கீபோர்டு செத்துப்போச்சா?" என்றார்.

இல்லை சிஸ்டர். அதுதான் பூட்டு.

மார்ச் 9, திங்கள்

காலை ஏழு பத்துக்கு சிஸ்டரின் முதல் வரி: "டாக்டர் புதன்தான் வருவார். வீணா அலையாதீங்க."

எழுத்துத் தமிழாக்கிவிடலாமா என்று கை பரபரத்தது. தொடவில்லை. அது அவர் கட்டம்.

மார்ச் 11, புதன்

நிர்வாகி கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"நர்ஸ் கையில குடுத்தா நாளைக்கு நம்ம வெப்சைட் சந்தி சிரிக்கும். எடுத்துடுங்க."

"எடுக்கணும்னா எழுத்துல குடுங்க சார். காரணத்தோட."

பேனாவைத் திறந்தார். மறுபடி மூடினார். "நீங்க போகலாம்."



வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கு ஊர் வம்பு? சொன்னதைச் செஞ்சுட்டு வர வேண்டியதுதானே" என்றார். ஊர் வம்பா? நான் போட்ட பக்கத்துல பொய் நிக்குது, ரெண்டு பஸ் மாறி வந்தவங்க திரும்பிப் போறாங்க – இது யார் வம்பு? அவரிடமே கேட்டேன். அவர் துணி மடிக்க ஆரம்பித்தார். நானும் பாதியை எடுத்து மடித்தேன்.

மார்ச் 13, வெள்ளி

ஆவண அறைக்கு மாற்றிவிட்டார்கள். பாஸ்வேர்டையும் பிடுங்கியாச்சு. பழைய கோப்புகளை வருடவாரியாக அடுக்க வேண்டுமாம். அடுக்குகிறேன். மன்னிப்புக் கடிதம் ஒன்று கொடுத்தால் பழைய இடத்துக்கே வரலாம் என்று கிளார்க் காதில் ஓதிவிட்டுப் போனார்.

மார்ச் 14, சனி

எழுத மாட்டேன்.

மார்ச் 18, புதன்

நிர்வாகியே லேப்டாப்போடு ஆவண அறைக்கு வந்தார். வெளியாள் ஒருவரை வரவழைத்து, டெம்ப்ளேட்டிலிருந்து என் கட்டத்தை நீக்கச் சொல்லியிருக்கிறார். நீக்கினால் மென்பொருள் சும்மா இருக்குமா? உள்ளே எழுதியிருக்கிற வரிகளுக்கு இனி இடமில்லை, எங்கே வைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. அழித்துவிடவா என்று கேட்டிருக்கிறார் வெளியாள். நேற்றுதான் கண் டாக்டர், அந்தக் கட்டம் வந்த பிறகு கூட்டம் குறைந்து நிம்மதியாக இருக்கிறது என்று நிர்வாகியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அதனால் இந்தத் தயக்கம்.

"இந்த வரியை எங்க போடணும்னு கேக்குது."

"இருந்த இடத்துலயே இருக்கட்டும் சார்."

"வேற வழி?"

"அழிக்கலாம். நீங்கதான் அழுத்தணும். நான் அழுத்த மாட்டேன்."

திரையில் சிஸ்டர் அன்று எழுதியது இருந்தது: "டாக்டர் மூணு மணிக்குக் கிளம்பிடுவார். தூரத்துல இருந்து வர்றவங்க காலையிலயே வந்துடுங்க." இரண்டு தடவையாவது படித்திருப்பார். பிறகு 'நீக்கத்தை ரத்து செய்' என்பதை அழுத்தினார். லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

என் நாற்காலி இன்னும் ஆவண அறையில்தான். பல் பிரிவும் எலும்புப் பிரிவும் தங்களுக்கும் அனுமதி கேட்டு வாங்கிவிட்டன. வெளியாள் திறந்து கொடுத்தாராம். எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தது பெரிய சிஸ்டர். பாஸ்வேர்டு எனக்கு வரவில்லை. மன்னிப்புக் கடிதமும் என்னிடமிருந்து போகவில்லை.

கண் டாக்டர் இன்று விடுப்பு; நேற்றே சிஸ்டர் கட்டத்தில் போட்டுவிட்டார். கோப்பு கொடுக்கிற சாக்கில் பத்து மணிக்கு அந்தப் பக்கம் போனேன். வாசல் பெஞ்ச் முழுக்கக் காலி. யாரும் வரவில்லை.