எங்கள் சொல் ரோடேயோ

கலிபோர்னியா,
மே 9, 1913

அன்புள்ள கணவர் எலியுதேரியோவுக்கு,

இங்கு நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. சனிக்கிழமைதான் சான் லீனோ மைதானத்தில் குதிரைமேல் பார்த்தேனே.

சுவரொட்டியில் உங்கள் பெயர் லூக் பென்ட்டன் என்று வெள்ளைக்காரப் பெயராகியிருந்தது. வாசல் காவல்காரன், "இந்தப் பொம்பளை உங்க சம்சாரம்னு சொல்றா" என்றான். நீங்கள் என் முகத்தைப் பார்த்தே, "யாருன்னே தெரியல" என்றீர்கள். ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கு உறைக்காது என்று நினைத்தீர்களா?

உள்ளே அறிவிப்பாளன் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்: "ரோடியோன்னா துள்ளுற குதிரைமேல விழாம உக்கார்றது! நம்ம வெள்ளைக்காரப் பசங்க கண்டுபிடிச்சது!" நீங்கள் தொப்பியைக் கழற்றி வணங்கினீர்கள். அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை. ரோடேயோ. நம் ஸ்பானியத்தில் சுற்றி வளைப்பது. மலையெங்கும் மேயும் மாடுகளைக் குதிரையில் வளைத்து ஓரிடத்தில் சேர்த்து, எது யாருடையது என்று பிரிப்பது. இதை உங்களுக்கே எழுத வேண்டியிருக்கிறது, வெட்கம்!

நான் வந்தது வேடிக்கை பார்க்க அல்ல. நம் கன்றுகள் ஒன்பதைப் பக்கத்துப் பண்ணை ஹாட்ஜ் தன் வேலிக்குள் ஓட்டிக்கொண்டான். அடையாளச் சூடு போடாத கன்று உன்னுடையது என்பதற்கு என்ன சாட்சி என்கிறான். அதைச் சொல்லத்தான் நாற்பது மைல் வந்தேன்.

திங்கட்கிழமை நானே உங்கள் சேணத்தில் ஏறினேன். என் தம்பி தியோதுலோவும் அவன் நண்பர்கள் இருவரும் வந்தார்கள். நால்வரும் நம் பசுக்களை வளைத்து ஹாட்ஜின் வேலியோரம் சேர்த்தோம். ஊர்க் காவலரையும் அழைத்திருந்தேன். ஹாட்ஜ் சிரித்தான்: "ரோடியோ சான் லீனோவுல நடக்குதும்மா. டிக்கெட் வாங்கிட்டுப் போ."

"அது கூத்து. இதுதான் ரோடேயோ. கதவைத் திறய்யா" என்றேன்.

காவலர் திறக்கச் சொன்னார். பசுக்கள் கத்தின. கன்றுகள் ஓடிவந்து தத்தம் தாயின் மடியில் முட்டின. எட்டு வந்தன. ஒன்று எந்தப் பசுவிடமும் போகாமல் நின்றது. அதற்குச் சாட்சி இல்லை, அவனுக்கே விட்டுவிட்டேன். காவலர் எட்டும் நம்முடையவை என்று தீர்த்தார்.

வரும் செவ்வாய்க்கிழமை கன்றுகளுக்குச் சூடு போடுகிறோம். சூட்டுக்கோலில் இன்னும் உங்கள் பெயரின் முதல் எழுத்துதான் இருக்கிறது. அதையே போடலாமா, கொல்லனிடம் கொடுத்து மாற்ற வேண்டுமா? எழுதிவிடாதீர்கள், நேரில் வந்து சொல்லுங்கள்.

அதுவரை அந்த முரட்டுக் குதிரைகளிடமிருந்து மாதா உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களுக்கு யாரென்றே தெரியாத
ரெஃபூஹியா