சுவாவில் மழை பெய்யலாம்

சுவா, பிஜி
9 ஜூன் 2024

அன்புள்ள கலீல் சாருக்கு, தனசேகர் வணக்கம்.

போன் போட்டால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால் கடுதாசி. மகள் மோகனா வீட்டில் சௌக்கியம். நாமக்கல் முட்டைக்கடை வாசனை இல்லாமல்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

அவளுக்கு வரன் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை பள்ளிபாளையத்துப் பையன், இங்கேயே டாக்டர். ஐப்பசியில் முகூர்த்தம். நம்மூரில் அடைமழைக் காலம். இங்கே அப்போதுதான் வசந்தமாம். பூமியின் கீழ்ப்பாதியில் பருவங்கள் தலைகீழ் என்று நீங்கள் பூகோளப் பாடம் நடத்தும்போது, பக்கத்து வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டே நான் சிரித்திருக்கிறேன். நிஜம்தான் போலிருக்கிறது.

கடலைப் பார்த்த புல்வெளியில், பந்தல்கூட இல்லாமல் கல்யாணம் வேண்டும் என்று பெண் பிடிவாதம். இரண்டு இடம் பார்த்திருக்கிறோம். ஒன்று இங்கே சுவாவில். இன்னொன்று தீவின் மேற்கே நாண்டியில். ஊர்க்காரர்களைக் கேட்டால் சுவாக்காரர் சுவா என்கிறார், நாண்டிக்காரர் நாண்டி என்கிறார். போனில் பத்து நாளைக்கு மேல் வானிலை காட்டவில்லை. நீங்கள்தான் சொல்லவேண்டும். "பெய்யலாம், பெய்யாமலும் போகலாம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், லாம் சார். அந்தப் பெயரை உங்களுக்கு வைத்தவனே நான்தானே.

உங்கள் பெண் தஹ்சீனுக்கு வரன் ஏதாவது அமைந்ததா?

அன்புடன்,
தனசேகர்


நாமக்கல்
2 ஜூலை 2024

அன்புள்ள தனசேகர் சார் அவர்களுக்கு,

இறைவன் கருணையால் நலம். மோகனப்பிரியாவுக்கு என் ஆசிகள். அட்லஸை எடுத்து வைத்திருக்கிறேன். சரியாகப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்; கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

தஹ்சீனைக் கேட்டிருந்தீர்கள். கோழித்தீவன ஆய்வுக்கூடத்து வேலையில்தான் இருக்கிறாள். வயது முப்பத்தாறு. ஆத்தூர் சம்பந்தம் நின்றபிறகு வந்த இரண்டும் நிலைக்கவில்லை.

மார்ச் மாதம் சேலத்தில் அந்த ஆத்தூர் மாப்பிள்ளையின் பெரியப்பாவைப் பார்த்தேன். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "உங்க சிநேகிதரே சந்தேகமாச் சொன்னாருங்களே." எனக்கு விளங்கவில்லை. காதும் மந்தம், தவறாகக் கேட்டிருக்கலாம். அவர்கள் அன்று பள்ளிக்கூடத்துக்கு வந்து பெண்ணைப் பற்றி விசாரித்தது உங்களிடம்தான். என்ன சொன்னீர்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தங்கள்,
மு. கலீலுல்லா


சுவா
25 ஜூலை 2024

அன்புள்ள கலீல் சாருக்கு,

ஏனுங்க சார், இத்தனை வருஷம் கழித்து ஆத்தூரா? நல்லபடியாகத்தான் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் இருந்தோம். "பொண்ணு எப்படிங்க?" என்று கேட்டார்கள். நான் உங்கள் மாதிரியே கழுத்தைச் சாய்த்து, "நல்ல பொண்ணா இருக்கலாம்" என்றேன். நம்ம வாத்தியார்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வந்தவர்களும் சிரித்த மாதிரிதான் ஞாபகம். வேடிக்கை தெரியாத ஆட்கள் என்றால் அந்த இடம் போனதே நல்லது.

அதை விடுங்கள். புல்வெளிக்குச் செப்டம்பர் முடிவுக்குள் பதிவு பண்ணியாக வேண்டும். சுவாவா, நாண்டியா? ஒரே வார்த்தை போதும்.

தனசேகர்


நாமக்கல்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தனசேகர் சார் அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒரே வார்த்தையில் சொல்லும் துணிச்சல் எனக்கு என்றுமே இருந்ததில்லை.

பார்த்தவரையில், வசந்தத்தில் சுவாவில் மழை பெய்யலாம். நாண்டியில் குறைவாக இருக்கலாம் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகம் பழையது, நிலைமை மாறியிருக்கலாம். நாண்டிப் பக்கம் அந்தச் சமயம் புல் காய்ந்து பழுப்பாக இருக்கலாம், புழுதியும் பறக்கலாம். சுவாவில் புல் பச்சைப்பசேல் என்று இருக்கலாம், போட்டோவுக்கு எடுப்பாக இருக்கலாம். நான் சொல்வது முழுக்கத் தவறாகவும் இருக்கலாம். நேரில் பார்க்கிற உங்களுக்குத் தெரியாததா?

மணமக்கள் நீடு வாழட்டும்.

தங்கள்,
மு. கலீலுல்லா


சுவா
6 நவம்பர் 2024

அன்புள்ள கலீல் சாருக்கு,

கல்யாணம் முடிந்தது. உங்கள் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், சிரித்தோம். லாம் சார் நாண்டிப் பக்கம் சாய்கிறார், அப்படியென்றால் சுவாதான் என்று பதிவு பண்ணினேன்.

மூன்று நாள் விடாத மழை. புல்வெளியில் முழங்கால் சேறு. தாலி கட்டும்போது மணமேடைக்கு மேலே கட்டிய துணி நீரைத் தாங்காமல் மணமக்கள் தலைமேலேயே சரிந்தது. ஓமம் அணைந்துவிட்டது. சம்பந்தியம்மா பூவாத்தாள் எல்லார் முன்னாடியும் கேட்டார்: "பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு ஒரு இடம் பாக்கத் தெரியலீங்களா? நெருப்பு நின்ன கல்யாணம் உருப்படுமா?" இன்னும் தினமும் சொல்கிறாராம். மோகனா போனில் அழுகிறாள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கே சந்தேகமாக இருந்தது, நீங்கள் என்ன பண்ணுவீர்கள், பாவம்.

தனசேகர்


நாமக்கல்
30 நவம்பர் 2024

தனசேகர் அவர்களுக்கு,

எனக்குச் சந்தேகமாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை.

அங்கே வருடம் முழுவதும் காற்று தென்கிழக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. சுவாவின் மலைகளில் மோதிக் கொட்டுகிறது. மலைக்கு அந்தப்பக்கம் நாண்டி காய்கிறது. ஆனி ஆடியில் கேரளத்தில் கொட்டும்போது நமக்குப் புழுதி மட்டும் வருகிறதே, அதே கதைதான். முப்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்திய பாடம். உங்கள் முதல் கடிதத்தைப் படிக்கும்போதே விடை தெரியும். நாண்டி என்று எழுதி உறையில் போட்டு வைத்திருந்தேன். ஆத்தூர் விஷயத்துக்கு நீங்கள் எழுதிய பதில் வந்த அன்று அதைக் கிழித்தேன்.

அதன்பிறகு எழுதியது நீங்கள் சிரிப்பதற்காக எழுதியது. என் தயக்கத்தைக் கண்டால் நீங்கள் எதிர்ப்பக்கம் போவீர்கள் என்பதும் தெரியும். சுவாவில் புல் ஏன் அவ்வளவு பச்சை என்று நீங்கள் யோசிக்கவில்லை.

பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம் தகப்பனின் நண்பர் அப்படிச் சொன்னால், அது வேடிக்கை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. அடுத்து வந்தவர்கள் ஆத்தூர்க்காரர்களைக் கேட்டார்கள்.

மணமேடைத் துணி சரிந்ததைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டுமுறை படித்தேன். மூன்றாம்முறை, உங்கள் பெண் அழுகிறாள் என்ற வரியில் நின்றுவிட்டேன். ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவேண்டாம், இனி எழுதவும் வேண்டாம்.

இந்தக் கடிதத்தைத் தஹ்சீன் படித்துவிட்டாள். "மோகனா எனக்கு என்ன பண்ணினா, அத்தா?" என்றாள். "போடாதீங்க" என்றாள். நான் கவரில் உங்கள் விலாசத்தை எழுத ஆரம்பித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். இதைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது கதவைத் திறப்பாளா என்று தெரியவில்லை. போடப் போகிறேன்.

மு. கலீலுல்லா