மூன்றாம் முறை

2019 ஆகஸ்ட் 4, மினியாபொலிஸ்

எனக்கு இன்று எண்பத்தொரு வயதும் நான்கு மாதங்களும் ஆறு நாட்களும் ஆகின்றன. இந்தத் துல்லியம் அனாவசியமல்ல. போன வாரம் என் இதய வால்வைப் பற்றிப் பேசிய மருத்துவர், "அடுத்த கோடை" என்ற சொல்லைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவள் நான். ஒருவர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது எனக்குப் புரியும்.

சாவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாரிட்தான் கேள்வி. என் மகளுக்கு உடம்புக்கு ஐம்பது வயது, மனத்துக்கு ஏழு. தனியாக அடுப்பைப் பற்றவைக்கவோ சாலையைக் கடக்கவோ அவளை விட முடியாது. நான் போன பிறகு அவள் யார் வீட்டில் இருப்பாள்? மகன் நில்ஸ், "நாங்க பாத்துக்கறோம்மா" என்கிறான். அந்த நேரத்தில் அவன் மனைவி டெனிஸ் சன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிறாள். அவளை நான் குறை சொல்லவில்லை. இருப்பது இரண்டு அறை, இருவருக்கும் வேலை. பொய் சொல்லாமல் சன்னலைப் பார்ப்பதும் ஒரு நேர்மைதான்.

ஆகவே ஒரு வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து, ஹால்வரின் தம்பியையும் தங்கையையும் பார்க்கப் போகிறோம். என் கணவர் ஹால்வர் நான்கு ஆண்டுகளாக மண்ணுக்கடியில் நிம்மதியாக இருக்கிறார். வெளியே சொல்லும் காரணம், சொந்தபந்தங்களைப் பார்ப்பது. உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எங்கள் தாத்தாமார் நார்வேயிலிருந்து கொண்டுவந்தவற்றில் உடையாமல் வந்து சேர்ந்தது இந்த வாயடக்கம் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 8

வீடு ஓடக் கூடாது. வண்டி சமைக்கக் கூடாது. இது என் கருத்து. யாரும் கேட்கவில்லை. பிரேக் போட்டால் கரண்டிகளெல்லாம் ஒன்றாக அலறுகின்றன.

மாரிட் மட்டும் பரம சந்தோஷத்தில் இருக்கிறாள். நில்ஸ் அவளுக்கு ஒரு பதவி கொடுத்திருக்கிறான். வண்டி நின்றதும், தரை சமமாக இருக்கிறதா என்று அவள் உள்தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். குமிழி நடுவுக்கு வரும்வரை அவன் சக்கரத்தடியில் பலகை கொடுக்க வேண்டும்.

"இன்னும் ஒரு பலகை வை நில்ஸ். சூப்பெல்லாம் ஒரு பக்கமா ஓடிரும்."

என் மாணவர்களில் பாதிப் பேர் அளவுக்குழாயை இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 9, ஆர்விலின் பண்ணை

கொழுந்தன் ஆர்வில் ஆரஞ்சு நிற மின்கம்பியைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்தான். கொட்டகையிலிருந்து இழுத்து வண்டியில் செருகினான்.

"கரண்ட் இருக்கு, தண்ணி இருக்கு. வேற என்ன வேணும் அண்ணி?"

சொல்லியிருக்கலாம். உறவினர் வீட்டு வாசலில் நம் வீட்டோடு போய் நின்றால் அவர்களுக்கு ஒரு சௌகரியம்: கட்டிலை யாரும் கேட்கப் போவதில்லை.

இரவு உணவுக்குப் பின் அவன் மனைவி பெவர்லி பழக் கேக் கொண்டுவந்தாள்.

"இன்னொரு துண்டு அக்கா?"

"வேண்டாம் பெவர்லி."

"சின்னதா ஒண்ணு?"

"ஐயோ, வயித்துல இடமே இல்ல."

"மிச்சமானா வீணாத்தானே போகும்."

"சரி, அப்படின்னா கொஞ்சமா."

கலிஃபோர்னியாவில் பிறந்த டெனிஸுக்குச் சிரிப்புத் தாளவில்லை. "முதல் தடவையே வேணும்னு சொன்னா உங்க ஊர்ல புடிச்சு உள்ள போட்டுருவாங்களா அத்தை?"

விளக்கினேன். முதல் முறை கேட்பது மரியாதை, இரண்டாம் முறை சோதனை, மூன்றாம் முறை கேட்பதுதான் மெய். அதற்கு முன் 'சரி' என்பவர் பேராசைக்காரர். மூன்றாம் முறை கேட்காதவருக்குக் கொடுக்க மனமில்லை. இது எழுதப்படாத சட்டம். ஆகவே மீற முடியாதது.

மேசையைத் துடைத்தபடி பெவர்லி தன் முழங்காலைப் பற்றிப் பேசினாள். மாடிப்படி ஏற முடிவதில்லையாம். மாடி அறைகளைப் பூட்டியே விட்டார்களாம். கேட்கப்படாத கேள்விக்கு அதைவிட நாகரிகமாகப் பதில் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 10

மாரிட் சித்தப்பாவோடு டிராக்டரில் போய் வந்தாள். பெவர்லி கண்கலங்க வழியனுப்பினாள். முழங்கால் அவளுக்கு நிஜமாகவே வலிக்கலாம்.

ஆகஸ்ட் 13

வடக்கு டகோட்டா முடிவதற்குள் நான் முடிந்துவிடுவேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 14, மொன்டானா

ரக்னா ஹால்வரின் கடைசித் தங்கை. அறுபத்தேழு வயது, கணவன் இல்லை, வீட்டில் குழந்தைகளும் இல்லை. ஊர் எல்லையில் பெரிய வீடு. ஹால்வரின் இறுதிச் சடங்குக்குப் பனியைக் காரணம் சொல்லி வராமலிருந்தவள். நில்ஸைக் கட்டி அணைத்தாள். எனக்குக் கை கொடுத்தாள். மாரிட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "உங்க பொண்ணு வளந்துட்டா" என்றாள். ஐம்பது வயதுக்காரியைப் பற்றி.

மாரிட் ஓடிப்போய் அணைத்துக்கொண்டாள். "ரக்னா அத்தை, உங்க வீட்ல சோப்பு வாசனை வருது." ரக்னாவின் கைகள், கொடியில் காயும் சட்டையின் கைகளைப் போல, இரண்டு பக்கமும் தொங்கின.

சாப்பாட்டில் டெனிஸ்தான் கவனித்தாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி ரொட்டியை மோந்து பாத்துட்டுத்தான் கடிக்கிறாங்க, பாருங்களேன்."

நான் உப்பைக் கேட்டேன்.

ஆகஸ்ட் 15

பாத்திரம் கழுவும்போது, ரக்னா முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "வேணும்னா உங்க பொண்ணை இந்தக் குளிர்காலம் இங்க விட்டுட்டுப் போங்க அண்ணி. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு."

குளிர்காலம் என்றால் என்ன பொருள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பழுதான வால்வு எகிறிக் குதித்தது. என் வாய் சொன்னது: "ஐயோ, உனக்கு எதுக்கு ரக்னா சிரமம்?"

நல்லது. முதல் முறை முடிந்தது.

ஆகஸ்ட் 16, காலை

நில்ஸ் மின்கம்பியைப் பிடுங்கினான். ரக்னா அதை வாங்கி முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றத் தொடங்கினாள்.

"நான் நெஜமாத்தான் சொன்னேன் அண்ணி."

"தெரியும். ஆனா குளிர்காலத்துல உனக்கு இன்னொரு வேலையா?"

இரண்டு. நான் காத்திருந்தேன். புறப்படும் நேரத்திலும் மாரிட் ரசமட்டத்தின் முன் மண்டியிட்டிருந்தாள். "குமிழி நடுவுல இருக்கு அத்தை. உங்க வீட்ல பலகையே வேண்டாம்."

ரக்னா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பி முழுவதும் சுற்றி முடிந்தது.

"வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்புங்க" என்றாள். மாட்டைத் தட்டி அனுப்புவதுபோல வண்டியின் பக்கவாட்டில் தட்டினாள்.

சரளைப் பாதையின் முடிவுவரை என் சன்னலைத் திறந்தே வைத்திருந்தேன்.

அதே நாள், மதியம்

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றான் நில்ஸ்.

"மூணாவது தடவை அவ கேக்கலையே."

"அத்தை என்ன, எண்ணிக்கிட்டா இருந்தாங்க?"

எண்ணியிருப்பாள். அவளும் ஹால்வரின் வீட்டில் வளர்ந்தவள்தான். இரண்டோடு நிறுத்தினாள் என்றால் மனம் அவ்வளவுதான் என்று பொருள். அல்லது — என் முறைக்காகக் காத்திருந்தாளோ? என் முகத்தில் ஏதாவது தெரியுமென்று பார்த்தாளோ? வண்டியத் திருப்புடான்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லலையே. படிச்ச படிப்பெல்லாம் எதுக்கு? எதுக்கு இந்த வாய் எனக்கு?

எண்பது மைல் தாண்டிய பிறகும் சொல்லவில்லை.

அக்டோபர் 27

மாரிட்டை இல்லத்தில் சேர்த்தோம். சுத்தமான இடம். அவளைப்போல இன்னும் ஐந்து பேர், முறைவைத்து மாறும் பணியாளர்கள். அவள் சன்னலுக்கு வெளியே கார்கள் நிற்கின்றன.

பெட்டியிலிருந்து முதலில் ரசமட்டத்தை எடுத்துச் சன்னல் விளிம்பில் வைத்தாள். "கோணலா இருக்கும்மா. நில்ஸை ஒரு பலகை கொண்டாரச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

"நாம எப்ப கெளம்பறோம்?"

டிசம்பர் 8

ரக்னா தொலைபேசியில் அழைத்தாள். அவள் அழைக்கும் வழக்கமில்லை.

"உங்க பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"அந்த இடம் புடிச்சிருக்கா அவளுக்கு?"

"புடிச்சிருக்கு."

அவள் பக்கம் கெட்டில் வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை. பிறகு பனியைப் பற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஹால்வர் சொல்லாமலே போனார். ரக்னா சொல்ல மாட்டாள். நில்ஸுக்குத் தெரியாது. ஐம்பது ஆண்டுகளாக இந்த நாட்குறிப்பில்கூட நான் எழுதாததை இன்று எழுதுகிறேன்.

மாரிட்டை நான் பெறவில்லை. 1969 மார்ச்சில், எங்களோடு தங்கிப் படிக்க வந்திருப்பதாக ஊருக்குச் சொல்லப்பட்ட பதினேழு வயது ரக்னா பெற்றாள். மூச்சுவிடத் தாமதித்த குழந்தை. காப்பகத்தில் போட்டுவிடலாம் என்றார் மாமனார். அதை எங்களிடம் கொடு என்று ரக்னாவிடம் கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்?" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

மறுநாள் கேட்டேன். அதையேதான் சொன்னாள்.

நான் மூன்றாம் முறையும் கேட்டேன்.