கருவாட்டுப் பெட்டிக்குள் ஒரு மூடி

இஞ்சாருங்கோ,

காலமை துவக்கோடை ரெண்டு பேர் வந்து, "உந்தச் சிவப்பு எம்.ஜி. கார் ஓடுமோ?" எண்டு கேட்டினம். "சாமான் கிடைக்கேல்லை, ஓடாது" எண்டிட்டன். நேற்று நீங்கள் ஸ்டார்ட் பண்ணின சத்தமும், நான் வேண்டாமெண்டு கத்தினதும் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

பின்னேரம் மெக்கானிக்கோடை வருவினமாம். ஓடுமெண்டு கண்டால் கொண்டுபோயிடுவினம். அதாலை, ஹமீத் நானா மூண்டு வருசமாத் தேடித் தந்த டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழட்டிக் கருவாட்டுப் பெட்டிக்கை வைச்சு, உடுவிலுக்குத் தங்கச்சி வீட்டை கொண்டுபோறன். அதில்லாட்டிக் கார் ஸ்டார்ட் வராது. கோவியாதேங்கோ.

புட்டும் சொதியும் மூடி வைச்சிருக்கு. பின்கதவுத் திறப்பு பானைக்குக் கீழை.

அற்புதம்

எழுத விட்டுப்போச்சு. ஓடாதெண்டு சொன்னாப்பிறகும் அவை போகேல்லை. "ஓட்டுறவர் எத்தினை மணிக்கு வருவார்?" எண்டும் கேட்டவை. இப்பதான் எனக்கு விளங்குது, அவை தேடுறது காரை மட்டுமில்லை. புட்டை விடுங்கோ. இதைக் கண்டவுடனை உடுவிலுக்கு வாங்கோ.